ரிவர்ஸ் எடுப்பது வரும்போதா, போகும்போதா?

காரை ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பதற்குள் ஒரு தடவையாவது ரிவர்ஸ் கியர் போட்டே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த இடமாகக் கிடைத்தால் தப்பிக்கலாம். அப்படி எங்கே கிடைக்கிறது? மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் கிளம்பும்போது பின்னால் வர வேண்டும். பின்னால் வந்து நிறுத்தினால் கிளம்பும்போது நேராகப் போகலாம். இந்த ஒரு ரிவர்ஸை எங்கே, எப்போது போடுவது என்பதில்தான் சண்டையே.

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட்டை, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தை, எட்டிப் பார்த்தாலும் இரண்டு கட்சியும் இருக்கும். "ஆபீஸ்லேருந்து அலுத்துப்போய் வர்றேன், நேரா விட்டுட்டு மேல போறேன், காலைல பாத்துக்கலாம்" என்பது ஒன்று. "ராத்திரியே திருப்பி நிறுத்திட்டா காலைல ஸ்டார்ட் பண்ணோமா போனோமான்னு இருக்கும்" என்பது இன்னொன்று. முதல் கட்சி இரண்டாவதைப் பார்த்து "பந்தா" என்கும், இரண்டாவது முதலாவதைப் பார்த்து "சோம்பேறி" என்கும். விஷயம் குணத்தில் இல்லை என்பது என் கட்சி. காரின் சக்கரங்கள் திரும்பும் விதம், இடத்தின் அளவு, அதைச் சுற்றி யார் நடமாடுகிறார்கள் என்ற மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். சாதாரணக் காரில் திரும்புவது முன்சக்கரங்கள் மட்டும்தான். பின்சக்கரங்கள் எப்போதும் வண்டியின் நீளவாக்கிலேயே உருளும். பக்கவாட்டில் நகராது. இதனால் கார் வளையும்போது அது போடும் வட்டத்தின் மையம், பின் அச்சை இரண்டு பக்கமும் நீட்டிக் கோடு போட்டால் அந்தக் கோட்டின் மீதுதான் எங்கோ இருக்கும். குதிரை வண்டிக் காலத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கிய ஸ்டியரிங் அமைப்புக்கு, லண்டனில் பதிப்பாளராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். செய்தவர் ஒருவர், பெயர் நிலைத்தது இன்னொருவருக்கு. இன்றும் அதற்கு ஆக்கர்மன் அமைப்பு என்றுதான் பெயர்.

ஒரு ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் 2.45 மீட்டர். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் வெளிப்பக்க முன்சக்கரம் ஏறக்குறைய 4.8 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றத்தை இதில் போட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் ஆரம் சுமார் 4.1 மீட்டர் வரும். உள்பக்கம் வித்தியாசம் இன்னும் கூடுதல்: உள்பக்க முன்சக்கரம் போகும் தடத்தைவிடப் பின்சக்கரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். முன்சக்கரம் தூணைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது பின்கதவு தூணில் கீறல் வாங்குவது இதனால்தான்.

இப்போது இந்த வண்டியை ஒரு கட்டத்துக்குள் நுழைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஸ்விஃப்டின் அகலம் 1.735 மீட்டர். சரியாக நடுவில் நின்றால் பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர் மிஞ்சும், சைடு மிரரை மடக்கினால். இந்த 38 சென்டிமீட்டருக்குள்தான் கதவைத் திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்பது தனிக் கதை.

மூக்கை முதலில் நுழைத்தால் என்ன ஆகிறது? முன்பாகம் கட்டத்துக்குள் போய்விட்டது. பின்பாகம் இன்னும் பாதையில் குறுக்கே நிற்கிறது. அதுவும் உள்ளே வந்து நேராக வேண்டும், ஆனால் பின்சக்கரம் பக்கவாட்டில் நகராது. உள்பக்கம் ஒரு மீட்டர் வெட்டிக்கொண்டுதான் வரும். கையில் இருப்பதோ 38 சென்டிமீட்டர். ஆகவே முன்கூட்டியே அகலமாக எதிர்ப்பக்கம் ஒதுங்கி வளைத்து வர வேண்டும். பாதை அகலமாக இருந்தால் ஒரே வீச்சில் முடியும். நம் ஸ்டில்ட்களில் அந்த அகலம் இருப்பதில்லை. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி போய், கோணலாக நின்று, "சரி இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போவதுதான் நடக்கிறது.

பின்னால் வந்தால் கதை மாறுகிறது. பக்கவாட்டில் நகராத அந்தப் பின் அச்சுதான் முதலில் கட்டத்துக்குள் போகிறது. அதை வாசலில் சரியாக வைத்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. வீசித் திரும்ப வேண்டிய முன்பாகம் பாதையில், அதாவது இடம் இருக்கும் பக்கத்தில், திரும்பிக்கொள்கிறது. கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்களுக்குப் பின்சக்கரத்தில் ஸ்டியரிங் வைத்திருப்பதன் ரகசியமும் இதுதான். நெருக்கமான அடுக்குகளுக்கு நடுவே மூக்கை நுழைக்க வேண்டிய வண்டிக்குத் திரும்பும் சக்கரம் பின்னால் இருக்க வேண்டும். கார் ரிவர்ஸில் வரும்போது அது கிட்டத்தட்ட ஃபோர்க்லிஃப்ட் ஆகிவிடுகிறது. எவ்வளவு நெருக்கடியான இடமோ அவ்வளவுக்குப் பின்னால் வந்து நிறுத்துவதுதான் எளிது. பயந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான்.

பின்னே ஏன் கஷ்டமாகத் தெரிகிறது? நேராக ஓட்டும்போது வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். முன்சக்கரங்கள் இடவலமாகத் திரும்பும் அச்சைச் சற்றுப் பின்சாய்வாக வைத்திருப்பதால் கிடைக்கும் வசதி அது. ரிவர்ஸில் அந்த உதவி கிடைக்காது. சாய்வு எதிராக வேலை செய்து, ஸ்டியரிங் இன்னும் ஒடியத்தான் பார்க்கும். கையால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். போதாக்குறைக்கு மூன்று கண்ணாடிகளில் மூன்று படம், தெரியாத நான்காவது மூலை, பின்னால் வந்து நிற்பவரின் ஹாரன். மேனுவல் வண்டிகளில் ரிவர்ஸ் கியர் போடும் ஊளையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், சத்தமில்லாமல் கூடும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு மட்டும் நேராக வெட்டிய பற்கள். செய்யக்கூடாத எதையோ செய்கிறோம் என்று வண்டியே முனகுவது போல இருக்கும்.

நம்மூரில் இந்தக் கஷ்டத்துக்கு வைத்திருக்கும் மருந்து வாட்ச்மேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கார் கேட்டுக்குள் வருகிறது. கட்டத்தைத் தாண்டிப் போய், தன் பின்கதவு தூணுக்கு நேராக வரும்வரை முன்னே விட்டு நிறுத்துகிறார் ஓட்டுபவர். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து காரின் பின்னால் நின்றுகொள்கிறார்.

"வாங்க சார், வாங்க… லெஃப்ட்ல ஒடிங்க… ஃபுல்லா ஒடிங்க… அப்படியே வாங்க… இப்ப நேர் பண்ணுங்க… நேர் பண்ணுங்க சார்… வரலாம்… வரலாம்… ஹோல்டான்!"

"தூண் எவ்ளோ இருக்கு அண்ணே?"

"நாலு விரக்கடை இருக்கு சார், தாராளமா இறங்கலாம்."

இதில் பெரியவர் நிற்கும் இடம்தான் தப்பு. நடுமத்தியில், டிக்கிக்குப் பின்னால் நின்றால் ஓட்டுபவருக்கு அவர் தெரியவே மாட்டார், குரல்தான் கேட்கும். ஓட்டுபவர் பக்கத்து சைடு மிரரில் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மிரரில் இல்லையென்றால் வண்டி நகரக்கூடாது. ஒடிக்கும்போது முன்மூலை எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். பின்னால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முன்பம்பர் எதிர்வரிசைப் பைக்கைச் சாய்த்துவிடும்.

சரி, நுழைவது பின்னால் என்றால் சுலபம். ஆனால் இந்த விவாதத்தில் கனமான பகுதி வெளியே வருவதில்தான் இருக்கிறது.

பக்கத்தில் ஓர் இன்னோவா கிரிஸ்டா நிற்கிறது என்று வையுங்கள். அதன் நீளம் 4.735 மீட்டர். ஸ்விஃப்ட் சுமார் 3.85. இரண்டும் மூக்கைச் சுவரில் வைத்து நின்றால் இன்னோவாவின் பின்புறம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் கூடுதலாகப் பாதைப் பக்கம் நீண்டிருக்கும், அதுவும் ஆள் உயரச் சுவர் மாதிரி. ஸ்விஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பது தன் வண்டியின் ஏறக்குறைய நடுவில். அவர் கண் இன்னோவாவைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பார்க்கும் நேரத்தில், அவர் வண்டியின் பின்பாகம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் பாதைக்குள் போயிருக்கும். இரண்டு மீட்டர் தூரம் கண்ணில்லாமல் வந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த இரண்டு மீட்டரில் ஸ்கூல் பையோடு ஓடும் குழந்தை இருக்கலாம், பால் பாக்கெட் வாங்கிவரும் பாட்டி இருக்கலாம், டெலிவரி பையன் பைக்கில் வரலாம்.

மூக்கு வெளியே பார்த்து நின்றிருந்தாலும் பம்பரிலிருந்து கண் வரைக்கும் தூரம் அதே இரண்டு மீட்டர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் பக்கத்து வண்டியில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் திருப்பி நிறுத்தியிருந்தால் பாதைப் பக்கம் இருப்பது அவருடைய பானட். அது தாழ்வானது, அதற்கு மேலாகப் பார்க்கலாம், அல்லது கண்ணாடி வழியாக ஊடுருவிப் பார்க்கலாம். அவர் மூக்கை உள்ளே விட்டிருந்தால் பாதைப் பக்கம் இருப்பது டிக்கி, பின்கண்ணாடியின் கறுப்பு வலை, ஸ்டெப்னி. ஆக, ஒருவர் மட்டும் திருப்பி நிறுத்தினால் பாதிப் பலன்தான். வரிசை முழுக்க ஒரே மாதிரி நின்றால்தான் எல்லோருக்கும் பாதை தெரியும். "என் ஸ்லாட், என் இஷ்டம்" என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது.

மொத்த ரிவர்ஸ் எண்ணிக்கை இரண்டு முறையிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில், சற்றுமுன் கடந்து வந்தபோது கண்ணால் பார்த்த, மூன்று பக்கமும் அடைத்த காலி இடத்துக்குள் பின்னால் போகிறோம். இன்னொன்றில், பல மணி நேரமாகப் பார்க்காத, ஆட்கள் நடமாடும் பாதைக்குள் பின்னால் வருகிறோம். இங்கிலாந்தின் சாலை விதிக் கையேட்டில் 201-ஆவது விதி இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: வீட்டு வாசல் பாதையில் முடிந்தவரை ரிவர்ஸில் உள்ளே போங்கள், நேராக வெளியே வாருங்கள்.

அமெரிக்காவில் இது சட்டமாகும் அளவுக்குப் போனது. 2002-இல் நியூயார்க் மாநிலத்தில் கேமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தன் வீட்டு வாசலிலேயே, தகப்பனார் ரிவர்ஸ் எடுத்த எஸ்யூவியின் கீழ் சிக்கி இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் 2008-இல் கையெழுத்தானது. பல தடவை தள்ளிப்போய், 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் புதுக் கார்கள் அத்தனையிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. விதியை இறுதி செய்தபோது அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை கொடுத்த கணக்கு: ரிவர்ஸில் வரும் வண்டி மோதி ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயமடைகிறார்கள். இறப்பவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், 26 சதவீதம் எழுபது வயதைத் தாண்டியவர்கள். குனிந்து விளையாடுபவர்களும் மெதுவாக நடப்பவர்களும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1-இலிருந்து புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பீப் பீப் என்று கத்தும் அந்தக் கருவியால் நிறைய பம்பர்கள் பிழைத்திருக்கும். ஆனால் அது மீயொலி அலை திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுவது. மெல்லிய கம்பி, சாய்வான பரப்பு, பம்பருக்குக் கீழே படுத்திருக்கும் நாய் இவையெல்லாம் அதற்குச் சரியாக அகப்படாது. கேமராவோ நம்பர் பிளேட் உயரத்தில் இருந்து பார்க்கிறது. ஸ்டில்ட்டில் தலைக்கு மேலே ஓடும் கழிவுநீர்க் குழாயும், சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் மீட்டர் பெட்டியும் அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் லென்ஸில் சேறு.

பின்னால் குறுக்கே வருவதை எச்சரிக்கும் கருவி விலை கூடிய கார்களில் வருகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2015-இல் அதைச் சோதித்தது. நடந்து போகும் ஆளை 60 சதவீதச் சோதனைகளில் அது கண்டுகொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை 48 சதவீதத்தில் கோட்டைவிட்டது. கார்களை விடப் பைக்குகள் அதிகம் உள்ள ஊருக்கு இது நல்ல சேதி இல்லை. இதே சங்கம் அப்போது எடுத்த கணக்கில் அமெரிக்க ஓட்டுநர்களில் 76 சதவீதம் பேர் பெரும்பாலும் மூக்கை உள்ளே விட்டுத்தான் நிறுத்துகிறார்கள். பின்னால் வந்து நிறுத்துங்கள் என்பதுதான் சங்கத்தின் சிபாரிசு.

அமெரிக்கர்கள் மூக்கை உள்ளே விடுகிறார்கள், சீனர்களும் ஜப்பானியர்களும் திருப்பி நிறுத்துகிறார்கள். இதை வைத்து ஓர் ஆராய்ச்சியே நடந்தது. ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷாவ்மின் லீ பல நாடுகளில் கார் நிறுத்தும் விதத்தை ஒப்பிட்டு, திருப்பி நிறுத்துவது பின்னால் வரும் நன்மைக்காக இப்போது சிரமப்படும் குணத்தின் அடையாளம், அந்தக் குணம் உள்ள நாடுகள் பொருளாதாரத்தில் வேகமாக முன்னேறுகின்றன என்று வாதிட்டார். 2014 வாக்கில் அமெரிக்க வானொலிகளில் சுவாரசியமாகப் பேசப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கையில்லை. சீனாவின் ஓட்டுநர் தேர்வில் இரண்டாம் பகுதி என்று ஒன்று உண்டு. அதில் கட்டத்துக்குள் ரிவர்ஸில் நுழைத்துக் காட்டாதவர்களுக்கு உரிமம் கிடையாது. ஜப்பானியப் பயிற்சிப் பள்ளிகளிலும் ரிவர்ஸில் குறுகிய இடத்துக்குள் திருப்பிக் கொண்டுபோவதைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வைப்பார்கள். போதாததற்கு ஜப்பானில் கார் வாங்கவே, நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். 1962-இல் வந்த சட்டம். அந்த இடமும் பல சமயம் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள சந்து. அமெரிக்காவிலோ வழக்கமான கட்டம் 9 அடி அகலம், 18 அடி நீளம், நடுவே 24 அடிப் பாதை. அத்தனை அகலம் இருந்தால் யார் கழுத்தைத் திருப்புவார்கள்? தேர்வும் இடமும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கத்துக்கு இனக் குணம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் ஏட்டில் குறையில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், குறுகிய திறப்புக்குள் வலப்பக்கமோ இடப்பக்கமோ கட்டுப்பாடாக ரிவர்ஸில் நுழைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று 15-ஆவது விதி சொல்கிறது. கேரளத்து ஓட்டுநர் தேர்வில் காரை "ஹெச்" எழுத்து வடிவத்தில் முன்னும் பின்னுமாக ஓட்ட வைப்பது பிரசித்தம். அதே 1989-இல் வந்து 2017 வரை நடப்பில் இருந்த சாலை ஒழுங்குமுறையில் இன்னொரு வேடிக்கை இருந்தது: வண்டியைத் திருப்புவதற்குத் தேவையானதை விட அதிக தூரம் யாரும் ரிவர்ஸில் ஓட்டக்கூடாது, ரோடு ரோலர் தவிர. ரோடு ரோலர்காரருக்கு அது பிழைப்பாயிற்றே.

தேர்வுதான் பழக்கத்தை உண்டாக்குகிறது என்றால், பழக்கமும் தேர்வை மாற்றும். இங்கிலாந்தில் 2017 டிசம்பரில் ஓட்டுநர் தேர்வைத் திருத்தியபோது, கட்டத்துக்குள் மூக்கை விட்டுப் பின்னால் வெளியே வருவதையும் சேர்த்தார்கள். அந்த 201-ஆவது விதி இருக்கும் அதே நாட்டில்தான். சூப்பர் மார்க்கெட்டில் ஜனங்கள் அப்படித்தான் நிறுத்துகிறார்கள், அதையாவது பத்திரமாகச் செய்யட்டும் என்ற எண்ணம். எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது. ஏனென்றால் மூக்கை உள்ளே விடுவது சரியான இடங்களும் இருக்கின்றன.

சூப்பர் மார்க்கெட்டே முதல் உதாரணம். தள்ளுவண்டி நிறைய மாதச் சாமானோடு வருகிறீர்கள். டிக்கி சுவரை ஒட்டி நின்றால் அரிசி மூட்டையைப் பின்சீட்டில்தான் போட வேண்டும். ஜப்பானில் திருப்பி நிறுத்துவதுதான் வழக்கம் என்றாலும், சில இடங்களில் முன்நோக்கி நிறுத்தச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள். கட்டத்தின் பின்னால் யாராவது வீட்டு ஜன்னலோ செடி வரிசையோ இருக்கும். புகை அங்கே போகக்கூடாது என்று. நம் அடுக்ககங்களில் தரைத்தளத்துப் படுக்கையறை ஜன்னல் ஸ்டில்ட்டைப் பார்த்திருந்தால் இதே பிரச்சினை. காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது வரும் புகைதான் மோசமானது. புகையைச் சுத்தப்படுத்த புகைக்குழாயில் வைத்திருக்கும் வினையூக்கி சூடேறும்வரை வேலை செய்யாது. அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

அமெரிக்காவில் சுமார் இருபது மாநிலங்களில் காரின் பின்னால் மட்டும்தான் நம்பர் பிளேட். ஃபுளோரிடா அதில் ஒன்று. அங்கே பல வளாகங்களில் திருப்பி நிறுத்தினால் அபராதம், காரணம் எளிது: ரோந்து வண்டியில் உள்ள கேமராவுக்கு எண் தெரிய வேண்டும். பாதுகாப்பு ஒரு பக்கம் இழுக்க, வசூல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. இந்தியாவில் இரண்டு பக்கமும் பிளேட் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரக் கார்களில் சார்ஜ் துளை இருக்கும் இடமே முடிவைச் செய்துவிடுகிறது. பழைய நிசான் லீஃபுக்கும் எம்ஜி இசட்எஸ் காருக்கும் மூக்கில். டெஸ்லாவுக்குப் பின்பக்கம் இடது ஓரத்தில். கேபிள் எட்டும் பக்கம்தான் நிறுத்த முடியும்.

நம் பேருந்து நிலையங்களைக் கவனியுங்கள். பல நிலையங்களில் பஸ்கள் மூக்கை நடைமேடைக்குக் காட்டித்தான் நிற்கும். நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரைப் பயணிகள் படிக்க வேண்டுமே. வரிசையாகத் திருப்பி நிறுத்தினால் மக்களுக்குத் தெரிவது பின்கண்ணாடிதான். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை கிளம்பும் நேரத்தில்: கண்டக்டர் இறங்கி, பின்னால் ஓடி, விசில் ஊதி, பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி, குறுக்கே ஓடும் கூட்டத்தை விலக்கி வெளியே எடுக்க வேண்டும். நாலு பக்கமும் மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஓடும் இடத்தில் அத்தனை பெரிய வண்டி பின்னால் வருவது நல்ல ஏற்பாடில்லை. ஆனால் பலகையைப் பக்கவாட்டிலும் பின்னாலும் பெரிதாக வைக்காமல் அதை மாற்றவும் முடியாது. தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் இந்தக் குழப்பமில்லை. அவை காத்திருக்கும்போது மூக்கு சாலையைப் பார்த்திருக்கும். தொழிற்சாலைகளில் திருப்பித்தான் நிறுத்த வேண்டும் என்று பலகை வைத்திருப்பதும் இதே யோசனைதான். சைரன் அடித்தால் நூறு கார்களும் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும்.

சாலையோரத்தில் சாய்கோடு போட்டு நிறுத்தும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடைத்தெருவில் மூக்கை உள்ளே விட்டுச் சாய்வாக நிறுத்தினால், கிளம்பும்போது ஓடும் சாலைக்குள்ளேயே பின்னால் வர வேண்டும். பக்கத்து வண்டி மறைக்க, பின்னால் சைக்கிளோ பைக்கோ வருவது தெரியாது. அமெரிக்காவில் சியாட்டில், டூசான், பென்சில்வேனியாவின் பாட்ஸ்டவுன் போன்ற ஊர்களில் இந்தச் சாய்வை எதிர்த்திசைக்கு மாற்றினார்கள். காரைக் கட்டத்தைத் தாண்டி நிறுத்தி, பின்னால் வந்து சாய்வாக நுழைக்க வேண்டும். கிளம்பும்போது ஓட்டுபவரின் கண் சாலையைப் பார்த்திருக்கும். டிக்கி நடைபாதைப் பக்கம் வந்துவிடும். கதவைத் திறந்தால் குழந்தைகள் சாலைக்கு ஓட முடியாமல் கதவே நடைபாதைப் பக்கம் திருப்பிவிடும். ஆரம்பத்தில் கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். நுழையும் அந்த அரை நிமிடம் பின்னால் வரும் வண்டி காத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். நம் கடைத்தெருக்களில் அந்த அரை நிமிடத்துக்குள் இரண்டு ஆட்டோவும் நாலு பைக்கும் காரின் பின்னால் புகுந்து போய்விடும். வெறும் கோட்டை மாற்றினால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுக்ககத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் முடிவு நம் கையில் இருக்கிறது. கார் கிழக்கையோ வடக்கையோ பார்த்து நிற்க வேண்டும் என்று வாஸ்து சொல்பவர்களை நான் எதிர்க்கவில்லை. வரிசை முழுக்க ஒரே பக்கம் பார்த்து நின்றால் போதும். சாயங்காலம் பிள்ளைகள் ஸ்டில்ட்டில் கிரிக்கெட் ஆடும் நேரத்தில் ரிவர்ஸில் நுழைப்பதும் ஆபத்தில்லாதது அல்ல. ஆனால் அப்போது அவர்கள் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, கண்ணாடியை இறக்கி ஒரு குரல் கொடுக்கலாம், பந்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். காலை ஏழரை மணிக்கு வேனுக்கு ஓடும் பிள்ளை யாருக்கும் சொல்லிவிட்டு ஓடுவதில்லை.

அப்புறம், சங்கத்தில் பணம் போட்டு டயர் தடுப்புக் கட்டை பதிப்பதற்கு முன் எந்தப் பக்கம் நிறுத்தப்போகிறீர்கள் என்று பேசி முடித்துவிடுங்கள். பின்னால் வரும் வண்டிக்கு, பின்சக்கரத்திலிருந்து பம்பர் வரை எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதைவிட ஒரு ஜாண் கூடுதலாகச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டையை வைக்க வேண்டும். டிக்கி திறக்க வேண்டுமென்றால் இன்னும் தள்ளி. அந்தக் கட்டையில் யாராவது மூக்கை விட்டு நிறுத்தினால், பல கார்களில் முன்பம்பரின் கீழ்விளிம்பு கட்டையின் உயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது. வெளியே எடுக்கும்போது பம்பர் கட்டையில் மாட்டி, கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு வரும்.